உறைமேல் முகவரி

புதிதாகப் பணியில் சேரும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டவர், "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருக்கட்டும் மேடம்" என்று வேறு சொல்லி அனுப்பினார். ஊக்கம் தர இப்போது ஆளுக்கா பஞ்சம்? உங்கள் வகுப்பில் இருக்கும் டேப்லெட்டே ஒரு நாளைக்கு நூறு தரம் தரும். நான் முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மே மாதம் ஓய்வு பெற்றவள். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது ஒரு தப்பு மட்டும்தான். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

ஒரகடம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். என் வகுப்பில் பாதிப் பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். நிலம் வைத்திருந்து இப்போது கம்பெனிக்குப் போகிற வீடுகள். மீதிப் பேர் திருநெல்வேலி, விருதுநகர், இராமநாதபுரம் என்று தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். ஒருத்தன் "கீது" என்பான், இன்னொருத்தி "கெடக்கு" என்பாள். இரண்டையும் நான் விட்டதில்லை. "வீட்டுத் தமிழை வாசல்லயே செருப்போட கழட்டி வெச்சுட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பரீட்சைத்தாளில் ஆங்கிலச் சொல் எட்டிப் பார்த்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழ்ச் சொல் எழுதி, அரை மதிப்பெண் குறைப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. தமிழாசிரியை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன்.

கடைசி வருட ஜூனில் ஒரு கம்பெனி தன் சமூகநல நிதியிலிருந்து எங்கள் பத்தாம் வகுப்புக்கு டேப்லெட்டுகள் கொடுத்தது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று. பிள்ளைகள் நோட்டில் எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். மறுநாள் காலைக்குள் திருத்தி, மதிப்பெண் போட்டு, கீழே நாலு வரி கருத்தும் எழுதிவைத்துவிடும். அதைப் பொருத்திக் கொடுக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் சென்னையிலிருந்து வந்தார். முப்பதுகூட ஆகாதவர், நல்ல மரியாதை தெரிந்தவர். "நீங்க எப்படித் திருத்துவீங்களோ அப்படியே அதுவும் திருத்தும் மேடம். உங்க விதிகளைச் சொல்லுங்க, ஏத்திடறேன்" என்றார்.

சொன்னேன். பிறமொழிச் சொல் வந்தால் குறை. பேச்சு வழக்கு வந்தால் குறை. கேட்ட கேள்வியை விட்டு வேறு எதையாவது எழுதினால் குறை. அவர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: பிள்ளையை எப்போதும் பாராட்டித்தான் எழுத வேண்டும், கடிந்து எழுதக்கூடாது. பிறகு, கருத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டுவிடலாமா, அப்படிப் போட்டால் பிள்ளைகள் மதித்துப் படிப்பார்கள் என்று கேட்டார். "போடுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

உங்களுக்கு என்மேல் இப்போதே கோபம் வரும். வரட்டும். ஆனால் நோட்டுக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்றத்தூர் பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்குப் போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். இது போதாதென்று வருகைப் பதிவேற்றம், புத்தகப் பதிவேற்றம், இலவசச் செருப்புக்கான அளவுப் பதிவேற்றம். பாடம் நடத்துவதுதான் எங்களுக்கு மிச்ச நேரத்து வேலை. அப்படிப்பட்டவளிடம் வந்து, உன் கட்டை நான் சுமக்கிறேன் என்று ஒன்று சொன்னால் எப்படி இருக்கும்?

முதல் மாதம் நம்பாமல் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதை ஒரு மாணவி அப்படியே நோட்டில் இறக்கியிருந்தாள். அதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்ததை மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. தப்பு என்னுடையது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். என் மூக்கை அறுத்தாலும் ஒற்றுப்பிழையைப் பிடிக்கிற ஒன்றின்மேல் தமிழாசிரியைக்குக் காதல் வராமல் என்ன செய்யும்? அதற்குப் பிறகு பத்தில் ஒன்றைப் பார்த்தேன். அப்புறம் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தேன். தீபாவளிக்குள் அதையும் விட்டுவிட்டேன்.

அந்தக் கருத்துகளை எழுதுவது யார் என்று பிள்ளைகளிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. மதிப்பெண் போடுவது டேப்லெட் என்று தெரியும். கீழே இருக்கும் நாலு வரி டீச்சர் எழுதுவது என்று நினைத்துக்கொண்டார்கள். சில பயல்களுக்குச் சந்தேகம் இருந்தது, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நம்பினார்கள். பெற்றோர் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து, "இன்னா டீச்சர், அம்மாம் புள்ளைங்களுக்கும் தனித்தனியா எழுதிகினு கீறீங்களே, தூங்கறீங்களா இல்லியா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்.

இசக்கியம்மாள் என்று ஒரு மாணவி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்தவள். சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீடு. அப்பா கிடங்கு ஒன்றுக்குத் தகரக் கூரை போடும்போது மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டார். அம்மா ஒரு கம்பெனிக் கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். அக்கா கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். இசக்கி வாய் திறந்து பேசாத பெண். கேள்வி கேட்டால் எழுந்து நின்று விரல் நகத்தைப் பார்ப்பாள். ஆனால் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பேச்சில் வராத எல்லாம் அவளுக்குப் பேனாவில் வந்துவிடும்.

டிசம்பரில் கடிதப் பயிற்சி கொடுத்தேன். உங்கள் எதிர்காலத் திட்டம் பற்றித் தோழனுக்கோ தோழிக்கோ கடிதம் எழுதுக. நம் பரீட்சைக் கடிதத்தின் இலக்கணம் உங்களுக்குத் தெரியும். இடம், நாள், விளி, செய்தி, இப்படிக்கு. கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி. யாருக்கும் போய்ச் சேராத கடிதத்துக்கு முகவரி. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால் பிள்ளைகள் மதுரையிலும் கோவையிலும் இல்லாத தோழிகளை உண்டாக்கி, இல்லாத தெருவில் குடிவைப்பார்கள். ஐம்பத்திரண்டு கடிதங்களையும் படம் பிடித்து அனுப்பினார்கள். மறுநாள் திருத்தி வந்தது. நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது இசக்கி வரவில்லை. தெற்கத்திப் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம் கழித்து வருவது வழக்கம்தான் என்று இருந்துவிட்டேன். பத்து நாள் ஆனது. பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்டேன். "அவ வேலைக்குப் போறா டீச்சர்" என்றாள், எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைக் கேட்கிறேன் என்பதுபோல.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். இசக்கி வேலைக்குப் போயிருந்தாள். அம்மா இருந்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பதினைந்து வயசுப் பெண்ணை எப்படி அனுப்பலாம், பத்தாவதாவது முடிக்க வேண்டாமா என்று கேட்கத்தான் போனேன். கேட்க விடாமல் அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் நல்ல காரியம்னு எழுதியிருந்தியளாமே டீச்சர். அதுவரைக்கும் மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. சோறு திங்கல. நீங்க எழுதுனத அவளே எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு, சரிம்மா போறேன்னுட்டா. நீங்க நல்லாருக்கணும் டீச்சர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எதையும் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்புறம் யார் எழுதியது என்று கேட்பாள். தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா, நினைவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக டேப்லெட்டைத் திறந்து இசக்கியின் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அவள் தோழிக்கு எழுதவில்லை. எனக்கு எழுதியிருந்தாள்.

"அன்புள்ள டீச்சருக்கு, இசக்கியம்மாள் எழுதுவது. பொங்கல் முடிந்ததும் என்னை லைன்ல போடப்போறாங்க. அக்கா பேரில் சேர்த்துவிட அம்மா பேசி முடித்துவிட்டாள். எனக்குப் பரீட்சை எழுதணும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு தரம் வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா கேட்பாள். சீக்கிரம் வாங்க டீச்சர்."

கீழே கட்டம் போட்டு, உறைமேல் முகவரி என்ற இடத்தில் என் பெயரும் பள்ளியின் பெயரும் ஊரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் முத்து முத்தாக எழுதியிருந்தாள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தது மென்பொருள்.

மற்ற இடங்களில் நான் கற்றுக்கொடுத்தபடியே திருத்தியிருந்தது. பெறுநர் தோழியாக இருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பெண் குறைத்திருந்தது. "லைன்" என்ற சொல்லை வட்டமிட்டு, "வரிசை" என்று மாற்றி, அரை மதிப்பெண் குறைத்திருந்தது. "போடப்போறாங்க", "எழுதணும்" எல்லாம் பேச்சு வழக்கு, அதற்கு அரை. பிறகு கருத்து: "குடும்பத்தின் முடிவை மதித்துப் புதிய பொறுப்பை ஏற்க முன்வரும் உன் மனப்பான்மை பாராட்டுக்குரியது, இசக்கியம்மாள். உன் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." அதன் கீழே என் பெயர்.

எங்கள் வட்டாரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் லைன் என்றால் என்னவென்று தெரியும். கம்பெனிக்குள் பொருள் நகர்ந்துவரும் பட்டைக்கு முன்னால் ஒரே இடத்தில் ஷிஃப்ட் முடியும்வரை நின்று ஒரே திருகாணியை முடுக்குவது. அந்தச் சொல்லுக்குத் தமிழ் "வரிசை" இல்லை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அடித்துத் துரத்தியதும் மென்பொருள் இல்லை, நான்தான். ஆபத்தான சொல் வந்தால் எனக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி ஒன்றும் அதில் இருந்ததாம். ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடித்துக் கேட்டேன். சாவு, அடி, விஷம் என்று ஒரு பட்டியல் சொன்னார். கேள்வி எதிர்காலத் திட்டம் பற்றியது என்பதால், அந்தக் கடிதத்தை அது ஒரு விடையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும் என்றார். பிறகு நிஜமாகவே தெரியாமல் கேட்டார்: "லைன்ல போடறதுன்னா ஆபத்தா மேடம்?"

தலைமையாசிரியரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. கடிதத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்றேன். அவரும் ஆமாம் என்றார். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை டேப்லெட் கொடுத்த கம்பெனியிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது.

"திங்கட்கிழமை சொல்லிடலாம் டீச்சர். இப்ப சொன்னா விசாரணை வரும். கடிதம் நம்ம கையில வந்து ஒரு மாசம் ஆச்சு. கீழ உங்க பேரு இருக்கு" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. எனக்காகத்தான் பயந்தார். அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்தது. அதற்கு அவர் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். ஓய்வுக்கு நாலு மாதம். ஓய்வூதியக் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. தலையை ஆட்டினேன். வெள்ளிக்கிழமை விழா நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவனம் செலுத்தும் ஆசிரியை என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரியோடு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கையை உதறிவிட்டு வந்தார்.

"நேத்தே சாமான ஏத்திகினு பூட்டாங்க டீச்சர். ஆபீசருங்க வராங்கன்னு எவனோ காதுல போட்டுட்டான் போல கீது. எங்கன்னு எங்கிட்ட சொல்லல."

பள்ளியில் யார் வாயிலிருந்து போனதோ. கூட வந்த அதிகாரி தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட் யார், எந்தக் கம்பெனி என்று ஒரு விவரமும் இல்லை. இசக்கியம்மாள் என்ற பெயரில் தேடினால் அவள் எங்குமே வேலை பார்க்கவில்லை. அக்காவின் பெயரில் தேடினால் பத்தொன்பது வயது. யாரும் கேள்வி கேட்க முடியாது. ஏப்ரலில் அவள் பரீட்சை நுழைவுச்சீட்டு வந்தது. யாரும் வந்து வாங்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். மென்பொருளைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொன்னாலும் உங்கள் கையில் இல்லை. நீங்கள் படிக்காத எதன் கீழும் உங்கள் பெயர் போகவிடாதீர்கள். எழுதியது யார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கைதட்டல் குறைந்தாலும் சொல்லுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதையாவது செய்வீர்களா என்றால், நம்பிக்கை இல்லை. உங்களுக்கும் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், உங்களுக்கும் செருப்பு அளவுப் பதிவேற்றம். களைப்பு வந்த ஒரு நாளில் நீங்களும் "போடுங்க" என்று சொல்வீர்கள். நான் மட்டும் என்ன கெட்டவளாகவா இருந்தேன்?

ஜூலையில் ஓய்வூதிய வேலையாகக் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தேன். சுங்குவார்சத்திரத்தில் பஸ் பஞ்சராகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். டீக்கடை ஓரமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களுக்கு நடுவில் அவள் நின்றாள். நீல மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. முகம் ஊதியிருந்தது, அல்லது தூக்கமில்லாத முகம். "இசக்கி" என்றேன். திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் விறுவிறுவென்று என் பக்கம் வந்துவிட்டாள்.

"இங்க அந்தப் பேரச் சொல்லாதீய டீச்சர்" என்றாள், மெதுவாக.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறாராம். கால் வலிக்கிறதா என்று கேட்டேன், பழகிவிட்டதாம். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். "பாப்போம் டீச்சர்" என்றாள். அந்த "பாப்போம்" எந்த மாதிரியான "பாப்போம்" என்று எனக்குத் தெரியும். அவள் கம்பெனி பஸ் வந்து நின்றது. அவளைப் போகவிடும் முன் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன்.

"அந்தக் கடிதத்த நான் படிக்கவே இல்லம்மா. கீழ இருந்தது நான் எழுதினது இல்ல. மெஷின் எழுதினது."

சொன்னதும் எனக்கு லேசாக இருந்தது. அப்படி இருந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அவள் என்னையே பார்த்தாள். வகுப்பில் ஒருநாளும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

"படிச்சிருந்தா வந்திருப்பியளா டீச்சர்?"

"அன்னிக்கே வந்திருப்பேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். கூட இருந்த பெண்கள் ஏறிக்கொண்டே அக்காவின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சரே சரின்னுட்டாவன்னு நெனச்சுத்தான் டீச்சர் இத்தன நாளும் லைன்ல நின்னேன்" என்றாள்.

அழவில்லை. போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.